கிறிஸ்துமஸும் விசுவாசமும்: தேவனுடைய நோக்கத்தை நம்புவது என்றால் என்ன?

‘விசுவாசமாயிருங்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும்.’ டிசம்பர் வந்தால் இந்த வாக்கியமும் கூடவே வந்துவிடுகிறது. வாழ்த்து அட்டையில் இருக்கும், பிரசங்கத்தில் இருக்கும், நோயாளியின் படுக்கையருகே நின்று சொல்லும் ஆறுதலிலும் இருக்கும். சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மத்தேயுவும் லூக்காவும் எழுதிய கிறிஸ்து பிறப்பின் வரலாற்றைத் திறந்து வாசித்தால், அதில் விசுவாசித்த யாருக்கும் காரியங்கள் அந்த அர்த்தத்தில் ‘நல்லபடியாக’ நடக்கவில்லை. நிச்சயிக்கப்பட்டவரான யோசேப்பே மரியாளை ரகசியமாகத் தள்ளிவிட யோசித்தார். பிரசவம் சொந்த வீட்டில் நடக்கவில்லை. பிறகு குழந்தையோடு நாடு விட்டே ஓட வேண்டியிருந்தது.

அப்படியானால் அவர்கள் எதை நம்பினார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ‘விசுவாசம்’, ‘தேவ சித்தம்’ என்ற சொற்களைப் புழங்குவதால் பலர் காயப்படுகிறார்கள். கேட்டது கிடைக்காதவர் தன் விசுவாசம் போதவில்லை என்று குமைகிறார். பிள்ளையை இழந்தவர், தேவன்தான் அதைப் பறித்தார் என்று நினைத்து ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார். வேதம் இந்த இரண்டையும் சொல்லவில்லை.

இரவுப் பேருந்தில் தூங்குகிறவர்

இரவுப் பேருந்தில் ஏறும் பயணியைப் பாருங்கள். பேருந்து எந்த ஊருக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியும். ஓட்டுநர் திறமையானவர் என்று ஒத்துக்கொள்கிறார். இவ்வளவும் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டே செய்யக்கூடியவை. ஏறி உட்கார்ந்து, விளக்கை அணைத்ததும் கண்ணை மூடித் தூங்குகிறாரே, அங்கேதான் நம்பிக்கை தெரிகிறது. வழியில் எத்தனை வளைவு, எங்கே பள்ளம் என்று அவருக்குத் தெரியாது. தன் உயிரை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத் தூங்குகிறார்.

விசுவாசம் என்பதற்கும் இந்த மூன்று அடுக்குகள் உண்டு: அறிதல், ஒத்துக்கொள்ளுதல், சார்ந்துகொள்ளுதல். முதல் இரண்டோடு நின்றுவிட்டால் அது விசுவாசம் ஆகாது என்பதை யாக்கோபின் நிருபம் முகத்தில் அடித்தாற்போல் சொல்கிறது: தேவன் ஒருவரே என்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன (2:19). அவற்றுக்குத் தகவலில் குறைவில்லை, சார்ந்துகொள்ளுதல்தான் இல்லை.

பழைய ஏற்பாட்டின் எபிரெய மொழியில் விசுவாசத்துக்குரிய சொல் ‘எமுனா’. அடிப்படைப் பொருள் அசையாமல் நிற்பது. யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தில் அமலேக்கியரோடு போர் நடக்கும்போது மோசேயின் கைகள் தளர்கின்றன. அவரைக் கல்லின்மேல் உட்காரவைத்து, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் மறுபக்கமும் நின்று கைகளைத் தாங்குகிறார்கள். சூரியன் அஸ்தமிக்கும்வரை கைகள் ஒரே நிலையாக இருந்தன. அங்கே ‘நிலையாக’ என்பதற்கு மூலத்தில் உள்ள சொல் இதே எமுனாதான். அந்தக் காட்சியில் மோசேயின் கைகளில் பலம் இல்லை. தாங்கியவர்களால் நிலைத்தன. ஜெபத்தின் முடிவில் நாம் சொல்லும் ‘ஆமென்’ இதே வேரிலிருந்து வந்தது. ‘இது உறுதி, இதன்மேல் நிற்கலாம்’ என்பதே அதன் பொருள்.

சுருக்கமாக: விசுவாசம் என்பது மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளும் பயிற்சி அல்ல. உறுதியான ஒருவர்மேல் நம் பாரத்தை வைப்பது.

போகாத ஊருக்குப் பேருந்து

அந்தப் பேருந்தை இன்னும் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்வோம். அது போகாத ஓர் ஊரின் பெயரை மனதில் வைத்துக்கொண்டு, ‘நான் முழு நம்பிக்கையோடு இருக்கிறேன், என்னை அங்கே கொண்டுபோய் விடும்’ என்று ஒருவர் ஏறினால் என்ன ஆகும்? காலையில் வேறு ஊரில் இறங்குவார். அவருடைய நம்பிக்கையில் அளவு குறையவில்லை. யாரும் கொடுக்காத வாக்கை நம்பினார், அவ்வளவுதான்.

தேவன் கொடுத்த வாக்கைத்தான் வாக்குத்தத்தம் என்கிறோம். நம் ஆசையை நாமே வாக்குத்தத்தம் என்று பெயரிட்டுக்கொள்ளும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. இதற்கு அதிகம் ஆளாகும் வசனம் எரேமியா 29:11. ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்று தேர்வுக்கும் வேலைக்கும் திருமணத்துக்கும் அதை எடுத்துக்கொள்கிறோம். ஒரு வசனம் மேலே போய்ப் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எழுதப்பட்ட கடிதம் அது. 70 வருஷம் நிறைவேறின பின்பு உங்களைத் திரும்பப் பண்ணுவேன் என்கிறது 10-ஆம் வசனம். அந்தக் கடிதம் வாசிக்கப்படுவதைக் கேட்ட வயதுவந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே மரித்திருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டது வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள் என்பதே. அந்த வாக்குத்தத்தம் மெய்யானது. ஆனால் ஒரு வாரத்தில் பலிக்கும் மந்திரமாக அது கொடுக்கப்படவில்லை.

எனவே ஒரு வாக்கைப் பற்றிக்கொள்ளும் முன் மூன்று கேள்வி கேட்கலாம். யாருக்குச் சொல்லப்பட்டது? அதற்கு முந்திய ஐந்து வசனமும் பிந்திய ஐந்து வசனமும் என்ன சொல்கின்றன? இயேசு கிறிஸ்துவின் வழியாக அது என்னிடம் எப்படி வந்து சேர்கிறது? இந்த மூன்றாம் கேள்வியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

இரண்டு பேர், இரண்டு கேள்விகள்

லூக்கா முதல் அதிகாரம் அடுத்தடுத்து இரண்டு சந்திப்புகளை வைக்கிறது. இரண்டிலும் வருகிறவன் காபிரியேல் தூதன், இரண்டிலும் செய்தி ஒரு பிள்ளை பிறக்கும் என்பது, இரண்டிலும் கேட்டவர் திரும்பக் கேள்வி கேட்கிறார்.

வயதான ஆசாரியர் சகரியா, ‘இதை நான் எதினால் அறிவேன்?’ என்கிறார். தன் கிழ வயதையும் மனைவியின் வயதையும் காரணமாகக் காட்டுகிறார். மரியாள், ‘இது எப்படியாகும்?’ என்கிறார். சகரியாவின் கேள்வி, வாக்கு மட்டும் போதாது, அத்தாட்சி வேண்டும் என்பது. மரியாள் வாக்கை ஏற்றுக்கொண்டு அது நடக்கும் வழியைத்தான் கேட்கிறார். மரியாளுக்கு விளக்கம் கிடைத்தது. கேட்காமலே ஓர் அடையாளமும் கிடைத்தது, உறவினரும் சகரியாவின் மனைவியுமான எலிசபெத்துக்கு அது கர்ப்பத்தின் ஆறாம் மாதம் என்று. கேள்வி கேட்பதே அவிசுவாசம் என்று சொல்லிப் பிள்ளைகளின் வாயை அடைக்கிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாக வாசிக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது அடுத்து வருகிறது. சகரியா விசுவாசிக்கவில்லை என்று தூதன் வெளிப்படையாகவே சொல்கிறான். பேச்சு நின்றுபோகிறது. ஆனால் பிள்ளை பிறக்காமல் போயிற்றா? இல்லை. சொன்னபடியே யோவான் பிறந்தார். ‘இவன் பேர் யோவான்’ என்று சகரியா எழுத்துப் பலகையில் எழுதியதும் நாவு கட்டவிழ்ந்தது, வாயிலிருந்து வந்தது துதிப் பாட்டு. தேவனுடைய நோக்கம் சகரியாவின் விசுவாச அளவில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. அவருடைய அவிசுவாசத்தால் அவர் இழந்தது, மனைவி கருவுற்றிருந்த அந்த மாதங்களில் வாய்விட்டு மகிழும் மகிழ்ச்சியை.

‘என் விசுவாசம் போதவில்லை, அதனால்தான்’ என்று தங்களையே குற்றப்படுத்திக்கொள்கிறவர்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மாற்கு 9:24-இல் ஒரு தகப்பன், ‘விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிக் கண்ணீர் விட்டார். இயேசு அவருடைய மகனைக் குணமாக்கினார்.

நோக்கம் வேறு, விதி வேறு

நோக்கம் என்றதும் பலருக்கு மனதில் எழுவது விதி: எல்லாம் முன்பே எழுதியாகிவிட்டது, நாம் செய்ய ஒன்றுமில்லை. கிறிஸ்தவப் போதனை சொல்வது விதியை அல்ல; தேவனுடைய நோக்கம் நிறைவேறும் விதத்துக்கு அது வைக்கும் பெயர் பராமரிப்பு. மனிதர் தங்கள் சொந்த எண்ணப்படி செய்கிற செயல்களின் ஊடாகவே, தேவன் தம் எண்ணத்தை நிறைவேற்றி உலகத்தை நடத்துகிறார் என்பது அதன் பொருள்.

பெத்லகேமுக்குப் போன பயணம் இதற்கு நல்ல சான்று. வாக்களிக்கப்பட்ட மீட்பரான மேசியா பெத்லகேமிலிருந்து வருவார் என்று மீகா தீர்க்கதரிசி சுமார் 700 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தார் (5:2). மரியாள் இருந்ததோ நாசரேத்தில். நேர்க்கோட்டில் அளந்தாலே 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. அவர்களைப் பெத்லகேமுக்கு நகர்த்தியது ரோமப் பேரரசன் அகுஸ்துராயன் பிறப்பித்த குடிமதிப்புக் கட்டளை. அவன் மீகாவை வாசித்திருக்க வாய்ப்பில்லை. அவன் மனதில் இருந்தது பேரரசின் கணக்கு. யாரும் அவனைக் கயிறு கட்டி ஆட்டவில்லை. அவன் தன் காரியத்தைச் செய்தான், தேவன் தம் காரியத்தை முடித்தார்.

இங்கேதான் கவனம் தேவை. குடிமதிப்புக்குச் சொன்னதை அப்படியே யூதேயாவை ஆண்ட ஏரோது ராஜாவின் கொலைக்கும் சொல்லலாமா? பெத்லகேமில் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளை அவன் கொன்றான். அதுவும் தேவன் போட்ட திட்டமா?

மத்தேயு எப்படி எழுதுகிறார் என்று பாருங்கள். எகிப்துக்குப் போனதைச் சொல்லும்போது, தீர்க்கதரிசியின் மூலம் உரைக்கப்பட்டது ‘நிறைவேறும்படி’ இப்படி நடந்தது என்கிறார் (2:15). நாசரேத்தில் குடியேறியதற்கும் அப்படியே (2:23). நடுவில், பிள்ளைகள் கொல்லப்பட்ட இடத்தில் மட்டும் சொல்லை மாற்றிவிடுகிறார். எரேமியா உரைத்தது ‘அப்பொழுது நிறைவேறிற்று’ என்கிறார் (2:17). ‘நிறைவேறும்படி’ என்பதில் நோக்கம் இருக்கிறது. ‘அப்பொழுது நிறைவேறிற்று’ என்பதில் அது இல்லை. கிரேக்க மூலத்திலும் இந்த வேறுபாடு உண்டு. கொலையை ஏரோதின் கணக்கில் வைத்துவிட்டு, இஸ்ரவேலரின் மூதாயான ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடையாதிருந்தாள் என்று அழுகையை அழுகையாகவே பதிவுசெய்கிறார். கிறிஸ்துமஸ் வரலாற்றுக்குள் அந்தத் தாய்மாரின் அழுகை அழியாமல் இருக்கிறது.

ஒடிந்த கையோடு வருகிறவருக்கு எலும்பைச் சேர்த்துவைக்கும் மருத்துவர், அந்தக் கையை ஒடித்தவர் அல்ல. ஆனால் ஒடிவைக் கண்டு கையைப் பிசைகிறவரும் அல்ல. ஒடிந்ததை வைத்துக்கொண்டே வேலை செய்கிறார். இந்த ஒப்புமைக்கு எல்லை உண்டு: மருத்துவரால் விபத்தைத் தடுத்திருக்க முடியாது, தேவனால் முடியும். ஏன் சிலவற்றைத் தடுக்கவில்லை என்பதற்கு வேதம் முழு விடை தரவில்லை. விடை தந்ததுபோல் நாமும் பேசக் கூடாது.

ரோமர் 8:28-ஐயும் இந்த இடத்தில் வைத்தே வாசிக்க வேண்டும். ‘சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது’ என்கிறது அது. நடப்பவை அனைத்தும் நல்லவை என்று சொல்லவில்லை. அந்த நன்மை எது என்பதையும் அடுத்த வசனமே சொல்லிவிடுகிறது: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. அதைப் பதவி உயர்வு என்றோ வழக்கில் வெற்றி என்றோ மாற்றி வாசித்தால் ஏமாற்றம் நிச்சயம்.

இதுவரை பார்த்தது: தேவன் தீமையைச் செய்கிறவர் அல்ல, தீமையால் தோற்கிறவரும் அல்ல. நோக்கத்தை நம்புவது என்பது ஒவ்வொரு நிகழ்வுக்கும் காரணம் கண்டுபிடிப்பது அல்ல.

யோசேப்புக்கு ஒவ்வொரு அடியாகத்தான் தெரிந்தது

மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரங்களில் யோசேப்புக்கு நான்கு முறை கனவில் செய்தி வருகிறது. மரியாளைச் சேர்த்துக்கொள். எகிப்துக்கு ஓடு. இஸ்ரவேல் தேசத்துக்குத் திரும்பு. கடைசியில், கலிலேயாவின் பக்கம் போகும்படியான எச்சரிப்பு. முதல் கனவில் மற்ற மூன்றைப் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டாம் கனவில் வரும் ஒரு சொற்றொடரைக் கவனியுங்கள்: ‘நான் உனக்குச் சொல்லும்வரைக்கும் அங்கே இரு.’ எத்தனை மாதம் என்று இல்லை, பிழைப்புக்கு வழி என்ன என்றும் இல்லை. போகும் இடமும், ஓட வேண்டிய காரணமும், காத்திரு என்ற சொல்லும் மட்டும்.

அவர் என்ன செய்தார்? ‘இரவிலே’ பிள்ளையையும் அதின் தாயையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார் என்கிறது 14-ஆம் வசனம். விடியட்டும் என்று பார்க்கவில்லை. தூங்குகிற குழந்தையை இருட்டில் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நடப்பது எப்படியிருக்கும் என்று பெற்றோருக்குத் தெரியும். நான்கு சுவிசேஷங்களிலும் யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. எழுந்தார், செய்தார் என்று மட்டும் இருக்கிறது.

திரும்பி வரும்போது நடந்தது பலர் கவனிக்காதது. யூதேயாவில் ஏரோதின் மகன் அர்கெலாயு ஆள்கிறான் என்று கேள்விப்பட்டு, யோசேப்பு அங்கே போகப் பயந்தார். வேதம் அந்தப் பயத்தைக் கண்டிக்கவில்லை. கனவு கண்டவர்தான், தூதனின் சொல்லைக் கேட்டவர்தான்; ஆனாலும் நாட்டு நிலவரத்தைக் காதில் போட்டுக்கொண்டார், ஆபத்தைக் கணக்கிட்டார். அந்த எச்சரிக்கையோடு நின்றவருக்கே நான்காம் கனவு வந்தது. மருந்தை நிறுத்திவிடுவதும், கணக்குப் பார்க்காமல் கடன் வாங்குவதும் விசுவாசத்தின் அடையாளம் என்று யாராவது சொன்னால் யோசேப்பைக் காட்டுங்கள்.

இம்மானுவேல்

அப்படியானால் சார்ந்துகொள்ள நம் கையில் இருப்பது என்ன? வரைபடம் தரப்படவில்லை, காரணங்களும் முழுதாய்ச் சொல்லப்படவில்லை. தரப்பட்டது ஒரு பெயர்: இம்மானுவேல், ‘தேவன் நம்மோடிருக்கிறார்’.

அந்தப் பெயர் முதலில் ஒலித்தது ஒரு பயந்த அரசனிடத்தில். கி.மு. 735-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இரண்டு அரசர்கள் சேர்ந்து எருசலேமின்மேல் வந்தார்கள். யூதாவின் அரசன் ஆகாஸின் இருதயமும் மக்களின் இருதயமும் காட்டு மரங்கள் காற்றில் அசைவதுபோல் அசைந்தன என்கிறது ஏசாயா 7-ஆம் அதிகாரம். அவனிடம் ஏசாயா சொன்னார்: ‘நீங்கள் விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள்.’ எபிரெயத்தில் ‘விசுவாசி’, ‘நிலைபெறு’ இரண்டும் முன்பு பார்த்த அதே ஆமென் வேர். ஆகாஸ் கேட்கவில்லை, அசீரிய ராஜாவுக்கு வெள்ளியும் பொன்னும் அனுப்பி உதவி வாங்கினான். அந்த நெருக்கடியில் கொடுக்கப்பட்டதுதான் இம்மானுவேல் என்ற அடையாளம்.

இந்தப் பெயரை மத்தேயு இயேசுவின் பிறப்பில் வைக்கிறார். தேவன் மேலிருந்து ஆறுதல் சொல்லி அனுப்பவில்லை, மனிதனாகவே பிறந்தார். இதையே மனுவுருவாதல் என்கிறோம். ‘சத்திரத்திலே இடமில்லை’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்கு விருந்தினர் அறை என்றும் பொருள் உண்டு. கடைசி இராப்போஜனத்துக்கான அறைக்கும் லூக்கா அதே சொல்லையே எழுதுகிறார். எப்படி வாசித்தாலும் முடிவு ஒன்றுதான்: குழந்தையைக் கிடத்தியது மாட்டுக்குத் தீனி வைக்கும் முன்னணையில். குழந்தை பிறந்து சுத்திகரிப்பின் நாட்கள் முடிந்தபின், நியாயப்பிரமாணப்படி 40 நாளுக்குப் பிறகு, பலியாகக் குறிக்கப்படுவது இரண்டு பறவைகள் (லூக்கா 2:24). ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு லேவியராகமம் 12:8 அனுமதித்தது அது. தேவன் வந்து பிறந்த வீடு அப்படிப்பட்ட வீடு.

துன்பத்தில் இருக்கும் கிறிஸ்தவர் சாய்ந்துகொள்வது இதன்மேல்தான். நம்மை விட்டுத் தள்ளி நிற்கிற ஒருவர் ‘பொறு’ என்று சொன்னால் வெறுப்பு வரும். அதே இருட்டுக்குள் வந்து பிறந்து, பின்னால் சிலுவைவரை போனவர் சொன்னால் கேட்கலாம்.

துக்க வீட்டில் சொல்லக் கூடாதவை

பண்டிகை நாளில் ஓர் ஆள் குறைந்திருக்கும் வீட்டுக்குப் போகிறோம். ‘தேவ சித்தம்’ என்றோ, ‘ஏதோ நல்லதுக்குத்தான்’ என்றோ வாய் தானாகப் பேச வரும். அடக்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அதுதான். விளக்கம் சொல்லத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது.

இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். உணவு கொண்டுபோங்கள். ஜெபிக்கச் சொன்னால் சிறிதாக ஜெபியுங்கள், அந்த ஜெபத்துக்குள் பிரசங்கத்தை நுழைக்காதீர்கள். ‘நன்மைக்கு ஏதுவாக’ என்பதை ஒருநாள் அவர்களே சொல்லலாம். தன் சகோதரர் செய்த தீமையைத் தேவன் நன்மையாக முடியப்பண்ணினார் என்று ஆதியாகமம் 50:20-இல் சொன்னது, அவர்களால் விற்கப்பட்ட பழைய ஏற்பாட்டு யோசேப்பே (மரியாளின் கணவர் அல்ல). பக்கத்தில் நின்றவர்கள் சொல்லவில்லை.

இந்த டிசம்பரில் செய்து பார்க்க

மத்தேயு 1, 2 மற்றும் லூக்கா 1, 2: இந்த நான்கு அதிகாரங்களில் மொத்தம் 180 வசனங்கள். திருவருகைக் காலம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்காம் ஞாயிறு தொடங்கி 22 முதல் 28 நாட்கள் வரும். நாளுக்கு எட்டு அல்லது ஒன்பது வசனம் வாசித்தால் கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்துவிடும். லூக்காவைத் தனியாகவும் மத்தேயுவைத் தனியாகவும் வாசியுங்கள். கலந்தால் மேய்ப்பர்களும் கிழக்கிலிருந்து காணிக்கையோடு வந்த சாஸ்திரிகளும் ஒரே இரவில் வந்ததுபோல் ஆகிவிடும். சாஸ்திரிகள் மூன்று பேர் என்றும் எழுதப்படவில்லை, காணிக்கைதான் மூன்று.

கூடவே ஒரு தாளை மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் தேவன் உண்மையாகவே சொன்னது, வசன எண்ணோடு. இரண்டாம் பத்தியில் எனக்கு விளங்காதது. மூன்றாம் பத்தியில் இன்று நான் செய்ய வேண்டிய அடுத்த ஒரு காரியம். பொதுவாக நடக்கும் தவறு, இரண்டாம் பத்தியை வெறுமையாக விடுவது, அல்லது அதற்குரியதை முதல் பத்தியில் எழுதிவிடுவது. ‘என் மகனுக்கு இந்த வேலை கிடைக்கும்’ என்பது முதல் பத்திக்குரியது அல்ல. ‘நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை’ என்பது முதல் பத்திக்குரியது (எபிரெயர் 13:5).

இரண்டாம் பத்தி கனத்துப்போகும் நாட்களில் 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்கள் முறையீடு. ‘எதுவரைக்கும்’ என்று நான்கு முறை கேட்கின்றன. அடுத்த இரண்டு விண்ணப்பம். கடைசி இரண்டில்தான் ‘உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்’ என்பது வருகிறது. முறையீட்டைத் தாண்டிக் குதித்துக் கடைசிக்கு ஓட வேண்டாம். நேரே முறையிடுவதும் சார்ந்துகொள்ளுதலே. நம்பாத ஒருவரிடம் யாரும் ‘எதுவரைக்கும்’ என்று கேட்பதில்லை.

பண்டிகை முடிந்ததும் அந்தத் தாளை எறிந்துவிடாதீர்கள், வேதாகமத்துக்குள் வைத்து அடுத்த டிசம்பரில் எடுத்துப் பாருங்கள். இரண்டாம் பத்தியில் சில வரிகள் அப்போதும் அப்படியே இருக்கலாம். மேய்ப்பர்கள் வந்துபோன பின்பு மரியாள் அந்தச் சங்கதிகளையெல்லாம் தன் இருதயத்திலே வைத்துச் சிந்தித்தார் என்கிறது லூக்கா 2:19. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், சிறுவன் இயேசு தேவாலயத்தில் சொன்னது தாய்தகப்பனுக்கு விளங்காதபோதும், 2:51-இல் அதே வார்த்தை வருகிறது: மரியாள் தம் இருதயத்திலே வைத்துக்கொண்டார்.